கால்நடை வளர்ப்பு அலமாரி

என் நண்பன் எழுதிய புத்தகத்தை யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்தவன் நான். பொறாமையால்தான் செய்தேன். வேறு காரணம் சொல்லி உங்களை ஏமாற்றப் போவதில்லை.

நான் ஆவடிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகர். ஏகாம்பரம் பூந்தமல்லிப் பக்கம் இன்னொரு கிளையில். ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. குமணன்சாவடியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவோம். விலைவாசி, தேர்தல், போன ஊர், படித்த புத்தகம் என்று நான் பேசிக்கொண்டே இருப்பேன். அவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

பிறகு அவன் எழுத ஆரம்பித்தான். ஒரு வார இதழில், வாரம் ஒரு பக்கம்...

என் நூலகத்துக்கு ஒரு பெரியவர் தினமும் வருவார். வயலை விற்றுவிட்டவர். செய்தித்தாளில் அரசியலைத் தள்ளிவிட்டு அடுக்குமாடி விளம்பரங்களைத்தான் முதலில் பார்ப்பார். தன் வயல் இன்று என்ன விலைக்குப் போகிறது என்று பார்க்கிறார். இதை ஏகாம்பரத்திடம் சொன்னது நான்தான். பொருளாதாரம் என்ற சொல்லே வராமல் அவன் அதை எழுதினான். படித்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் வயிறு எரிந்தது.

ஆண்டுக்கணக்காக அவரைப் பார்த்தவன் நான். எனக்கு ஏன் ஒரு வரிகூட வரவில்லை?

நாங்கள் சேர்ந்து போன ஒகேனக்கல் பயணத்தையும் எழுதியிருந்தான். அதில் நானும் வருகிறேன், ‘நண்பர் ஒருவர்’ என்று. நண்பர் ஒருவர்! அவ்வளவுதானா நான்?

அந்தப் பக்கங்களெல்லாம் புத்தகமாகி, ஒரு நாள் புதிய நூல்களின் கட்டோடு என் மேசைக்கே வந்து சேர்ந்தது. கட்டுரை அலமாரியில் வைக்க வேண்டிய புத்தகம். கால்நடை வளர்ப்பு அலமாரியின் அடித்தட்டில், பின்வரிசையில் செருகினேன். ஒரு புத்தகத்தைக் கொல்ல அதைக் கிழிக்க வேண்டியதில்லை, இடம் மாற்றி வைத்தால் போதும் என்பது எந்த நூலகருக்கும் தெரியும். வயலெல்லாம் அடுக்குமாடியாகிவிட்ட எங்கள் பக்கத்தில் மாடு வளர்க்க யார் புத்தகம் தேடப் போகிறார்கள்? ஏகாம்பரத்தின் புத்தகத்தைக் கேட்டு வந்தவர்களிடம் ‘இன்னும் வரலை’ என்றேன்.

இதோடு முடிந்திருந்தால் சின்னப் புத்தி என்று நானே என்னை மன்னித்திருப்பேன்...

சில மாதம் கழித்து அவனே வந்தான்.

“இன்னா மச்சான், நம்ம புக்கு இங்க வந்துகீதா?”

“வந்துச்சு” என்றேன். அவன் நேராகக் கட்டுரை அலமாரிக்குப் போனான். விரலால் தடவித் தேடினான். இல்லை. திரும்பியபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அலமாரியில் இல்லாத புத்தகம் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது... அவனும் நூலகர் அல்லவா, அப்படித்தானே நினைப்பான்.

“எடுத்துக்கினு போய்க்கீறாங்க” என்றான் மெதுவாக. “எந்த ஊட்ல, எவன் படிச்சிக்கினு கீறானோ. எங்க லைப்ரரில நானே எடுத்து நீட்டுறது வேற மச்சான். இங்க எடுத்தாங்கன்னாதான் கணக்கு.”

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். என் திருட்டு பத்திரமாக இருந்திருக்கும். அவனும் சந்தோஷமாகப் பஸ் ஏறியிருப்பான். அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்து போனேன். குனிந்து புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன். திரும்பக் கொடுக்கும் தேதியை முத்திரை குத்துகிற கடைசிப் பக்கத்தைத் திறந்து அவனிடம் நீட்டினேன். ஒரு முத்திரைகூட இல்லாத வெள்ளைத் தாள்.

“கட்டுரை அலமாரிலதான் இவ்ளோ நாளா இருந்துச்சு. யாரும் தொடலடா. புது புக்குங்களுக்கு எடம் பத்தலன்னு நேத்துதான் இங்க மாத்தி வெச்சேன்.”

எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்!

ஏகாம்பரம் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்தான். பிறகு மூடினான்.

“நல்லவேள, நீயாவது சொன்ன. மத்தவன்லாம் சூப்பரு சூப்பருன்னு ஏத்தி வுட்டுக்கினு இருந்தானுங்க.”

அந்த வாரத்தோடு எழுதுவதை நிறுத்திவிட்டான். அவன் போனதும் புத்தகத்தை உரிய இடத்தில் வைத்தேன். குற்ற உணர்ச்சியா? பயமா? தெரியவில்லை. இப்போது அது அலமாரியில் தங்குவதே இல்லை. திரும்பி வந்த அன்றே வேறொருவர் எடுத்துப் போகிறார். முத்திரை குத்துவது நான்தான். இதையும் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டுக்கொள்கிறேன். சொன்னால் நட்பு போய்விடும் என்று பயமா, அவன் மறுபடி எழுதிவிடுவான் என்று பயமா... முதலாவது என்று சொல்லத்தான் ஆசை.

இந்த வாக்குமூலத்தை எழுதத் தொடங்கியாயிற்று; போன வெள்ளிக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டீக்கடையில் ஏகாம்பரம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அந்தப் பத்திரிகைல திரும்ப எழுதச் சொல்றாங்க மச்சான். எழுதவா? எனக்கு உண்மைய சொல்றவன் நீ ஒருத்தன்தான். நீ சொன்னா சரி.”

தலையை ஆட்டினால் போதும் என்று எனக்குத் தெரிந்தது. கண்ணாடித் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தேன்.

“ரிட்டையர் ஆவுற நேரத்துல இன்னாத்துக்குடா அதெல்லாம்” என்றேன்.

“அதுவும் சரிதான்” என்று எழுந்து, எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தான்.