வசந்தா மேடத்தின் பதினொன்றாம் குப்பி

வசந்தா மேடம் போய்விட்டார் என்று கும்பகோணத்திலிருந்து ஃபோன் வந்தபோது நான் நம்பவில்லை. இன்னொருவரை அழைத்து உறுதி செய்துகொண்டேன். எதையும் அப்படிச் சந்தேகப்படப் பழக்கியதே அவர்தான். நம் ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது தெரியும். டீக்கடை டம்ளரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

ஒரு முறை நன்னிலம் பக்கம் நடவு வயலில் இறங்கிய சிலர் கடும் காய்ச்சலில் படுத்தார்கள். அவர்கள் ரத்தத்தில் கிடைத்த பாக்டீரியாவின் மரபணு வரிசையைப் படித்தோம். மண்ணில் வாழும் பொல்லாத கிருமிதான். ஆனால் இயற்கையில் அதற்கு இல்லாத, ஆய்வகங்களில் மனிதர் ஒட்டவைக்கிற ஒரு மரபணுத் துண்டும் கூடவே தெரிந்தது. யாரோ மாற்றியமைத்த கிருமி என்று முடிவுகட்டினேன்.

அந்த வயல்களுக்கு நுண்ணுயிர் உரம் காய்ச்சிக் கொடுத்தவர் செல்வம், வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியவர். கேனில் என்ன கலந்தானோ என்று ஊரே பேசியது. நானும் மேடத்திடம் கேட்காமல் ஓர் அதிகாரிக்கு ஃபோன் செய்துவிட்டேன். மறுநாள் செல்வத்தை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். அவர் கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது.

மேடம் முடிவுகளை மூன்று முறை படித்தார். "செல்வத்த அப்புறம் சந்தேகப்படலாம். மொதல்ல நம்ம கைய சந்தேகப்படுங்க," என்றார். பிறகு, "பதினொண்ணு என்ன ஆச்சு?" என்று கேட்டார். சரியாக வரவில்லை என்று நான் ஒதுக்கி வைத்திருந்த மாதிரி அது.

"அது யாரோட ரத்தமும் இல்லீங்க. வெறும் தண்ணி. நான்தான் நம்பர் போட்டு வச்சேன்," என்றார் மேடம்.

ஒவ்வொரு முறையும் யாரிடமும் சொல்லாமல் ஒரு குப்பித் தண்ணீரை அவர் மாதிரிகளோடு சேர்த்துவிடுவாராம். அந்தத் தண்ணீரிலும் அதே துண்டு இருந்தது; அதாவது அது கிருமியுடையது அல்ல, எங்கள் மேசையிலிருந்து வந்தது. முந்தின வாரம் பயிற்சி வகுப்பில் அந்தத் துண்டைக் கையாண்ட மேசையைச் சரியாகத் துடைக்காமல், அவசரத்தில் அங்கேயே நான் வேலையை முடித்திருந்தேன்.

எல்லாவற்றையும் மாற்றி மறுபடி செய்தோம். துண்டு இல்லை. செல்வம் வெளியே வந்தார். ஆய்வகத் தவறு என்று எழுதி மேடமே கையெழுத்துப் போட்டார். வெட்கத்தில், "என் பேர போடுங்க மேடம்," என்றேன்.

"ஃபோன் பண்ணது யாருன்னு செல்வம் கேப்பாரு. அப்ப சொல்லுங்க, போதும்."

மேடத்தின் இறுதிச் சடங்கன்று தாராசுரத்தில் அவர் வீட்டு வாசலில் மாலையோடு செல்வம் நின்றிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேடம் இல்லன்னா நான் இல்லீங்க. ஆனா என்னை மாட்டிவிட்டது யாருன்னு இன்னமும் தெரியல. யார பாத்தாலும் இவரா இருக்குமோன்னு தோணுது. கடைத்தெருவுக்கே போறதில்லீங்க."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இன்றும் மாதிரிகளோடு ஒரு குப்பித் தண்ணீர் வைக்கிறேன். மேடத்திடமிருந்து அதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது. செல்வம், அந்த ஃபோனைச் செய்தது நான்.