கடைசிப் பக்கங்களில் இருந்த முகவரிகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் மேற்கு ஜெர்மனியின் பான் நகரில் ஆராய்ச்சி மாணவன். நூலகத்தில் என் எதிரே அமரும் முதியவர், கரீபியன் தீவான குராசாவோவிலிருந்து வந்த யூதர். மெலிந்த முகம், தடித்த கண்ணாடி. அறை எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும் கோட்டைக் கழற்றமாட்டார். தம் தீவு யூதர்களின் வரலாற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"எங்க ஜெபக்கூடத்துல தரை முழுக்க மணல்தான்," என்று ஒருமுறை சொன்னார். "முன்னோர் ஐரோப்பாவுல ஒளிஞ்சு கும்பிட்டப்போ, காலடிச் சத்தம் வெளியே கேட்கக் கூடாதுன்னு போட்டாங்களாம்."

ஒரு மதியம் நோட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். நன்றாக உடுத்திய ஜெர்மானியர் ஒருவர் வந்து, "என் நண்பருடையதுதானே?" என்று சிரித்தபடி அதை எடுத்தார். நான் தடுக்கவில்லை. அவர் எதையோ குறித்துக்கொண்டு, நோட்டைத் திரும்ப வைத்துவிட்டு நன்றி சொல்லிப் போனார்.

திரும்பி வந்த முதியவரிடம் சொன்னேன்.

"எனக்கு இந்த ஊர்ல நண்பர் யாருமில்லையே. எந்தப் பக்கத்தைப் பார்த்தார்?"

"கடைசிப் பக்கங்களை."

அவர் முகம் வெளுத்தது. "அதுல இப்போ உயிரோட இருக்கிற எங்க யூதர்களோட பேரும் முகவரியும் இருக்கு."

"போலீஸ்ல சொல்லலாமா?"

"என்னன்னு சொல்றது? ஒருத்தர் நோட்டைப் படிச்சாருன்னா?"

அவர் என்னைத் திட்டவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போன முதியவர் பிறகு நூலகத்துக்கு வரவேயில்லை.

மறுவாரம் அந்த ஜெர்மானியர் வந்தார். "உங்கள் நண்பர் எங்கே தங்கியிருக்கிறார்?" என்று மரியாதையாகக் கேட்டார். தெரிந்திருந்தும் தெரியாது என்றேன். அவர் தலையசைத்துவிட்டு வெகுநேரம் என்னையே பார்த்தார். நான் சொன்னதை அவர் நம்பினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.