சங்கு ஊதாத சனிக்கிழமை

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிந்திய அந்த வருடங்களில், தலவாக்கலையில் ஒரு சில்லறைக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றால் இரண்டே அறைகள். ஒன்றில் மேசைகள், மற்றதில் இரண்டு சர்வர் மெஷின்கள். மண் சரியக்கூடிய தோட்டங்களில் மழைமானிப் பெட்டிகளை வைத்திருந்தோம். ஒவ்வொரு பெட்டியும் கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, பெய்த மழையின் அளவைக் கைபேசிச் செய்தியாக எங்களுக்கு அனுப்பும். சர்வர் அதைக் கூட்டிக்கொண்டே வரும். கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டியதும் அந்தத் தோட்டத்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, உத்தரவு போகும். அங்கே சங்கு தானாக ஊதும். ஊதினால் சரிவுக்குக் கீழே லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள் எல்லாரும் மேட்டிலிருக்கும் கோயிலுக்கு ஏறிவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

நான் மஸ்கெலியாப் பக்கத்து லயம் ஒன்றில் பிறந்தவள். கண்டியில் கணினி படித்துவிட்டு வந்தவள் என்ற மண்டைக்கனம் அப்போது எனக்கு நிறையவே இருந்தது. தோட்டங்களில் கூட்டம் போட்டு ஆட்களுக்குப் பழக்கிக்கொடுக்கும் வேலையும் என்னுடையதுதான். "மழையைப் பாக்காதீங்க, சங்கைக் கேளுங்க" என்ற வாசகத்தை உண்டாக்கியதே நான்தான். கொஞ்சம் பலமாகத் தூறினாலே வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள் என்று தோட்ட நிர்வாகங்களுக்கு எரிச்சல். என் வாசகம் அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஸ்டோர்ச் சுவர்களில் அச்சடித்து ஒட்டினார்கள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

இரண்டு மெஷின்கள் எதற்கென்றால், ஒன்று விழுந்தால் மற்றது எழுந்து வேலையைத் தொடரத்தான். மேல் தட்டில் ஒன்று, கீழ்த் தட்டில் ஒன்று. இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு வட்டுப் பெட்டி. மழைக் கணக்கெல்லாம் அதற்குள்தான். ஒரு மெஷின் வேலை செய்யும், மற்றது சும்மா இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒவ்வொரு நொடியும் ஒன்றையொன்று "இருக்கியா, இருக்கேன்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும், தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் வேலையாட்களைப் பேர் கூப்பிடுகிற மாதிரி. அந்தப் பேச்சு நடப்பது இரண்டு வயர்களில், ஒன்று நீலம், மற்றது சின்னது. பதில் வராவிட்டால், எதிரே இருப்பது செத்துவிட்டது என்று மற்றது முடிவு செய்யும். ஆனால் உடனே வேலையை எடுத்துக்கொள்ளாது. முதலில் எதிராளியின் மின்சாரத்தை வெட்டும். செத்ததாக நினைத்தது உண்மையில் உயிரோடிருந்தால், இரண்டும் ஒரே வட்டில் எழுதத் தொடங்கி, கணக்கைக் கந்தலாக்கிவிடும். அதனால்தான் சந்தேகம் வந்தால் கொன்றுவிட்டுத்தான் மேலே போவது. படிக்கும்போதே இந்த ஏற்பாடு எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா இருந்தார். கூட்டுவார், தேத்தண்ணி போடுவார், யாரும் இல்லாதபோது டெலிபோன் கோலுக்குப் பதில் சொல்வார். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தினமும் ரயிலில் வருவார். அவருடைய லயம் எங்கள் பட்டியலில் மிகவும் ஆபத்தானது என்று சிவப்பில் குறித்திருந்த சரிவுக்கு நேர் கீழே இருந்தது. கணவருக்கு இடுப்பில் அடிபட்டு வேலைக்குப் போவதில்லை, பகலெல்லாம் லயத்தில் தங்கள் ஒற்றை அறைக் காம்பராவில்தான் இருப்பார். அந்த இரண்டு மெஷின்களின் மேல் அக்காவுக்கு இருந்த மரியாதை எங்கள் யாருக்கும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவார்.

சித்திரை மாதத்து இடி மலையில் எப்படியென்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். காலையில் வெயில் அடிக்கும். மத்தியானம் தாண்டியதும் வானம் இருண்டு, தலைக்கு மேலேயே வெடிக்கும். முதல் முழக்கம் கேட்டதுமே வீட்டில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவோம். டிவி, ரேடியோ, அன்டெனா வயர், டெலிபோன் வயர், ஒன்று விடமாட்டோம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அலுவலகம் தொடங்கிய முதல் வருடம் அக்கா அதேபோல மெஷின்களின் பிளக்கைப் பிடுங்கப் போக, நான் சத்தம் போட்டுவிட்டேன். "பிளக்கை மட்டும் தொடவே கூடாதுக்கா, விளங்கிச்சா?" என்றேன். விளங்கியது என்று தலையாட்டினார்.

அடுத்த வருடம் ஒரு விசித்திரமான கோளாறு வந்தது. சில நாட்களில், மத்தியானத்துக்குப் பிறகு, கீழ் மெஷின் திடீரென்று செத்துப் பிழைத்திருந்தது. மெஷின்கள் தாங்களே எழுதிவைக்கும் குறிப்புகளைப் பார்த்தேன். மேல் மெஷின் அதைக் கொன்றிருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. நான் பெரும்பாலும் பிற்பகல்களில் தோட்டங்களில் இருப்பேன். திரும்பி வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். எங்கள் பொறியியலாளர் யாழ்ப்பாணத்தவர், கெட்டிக்காரர், பொறுமை இல்லாதவர். "இது பழைய மென்பொருளின்ர வியாதி பிள்ளை. புதுப் பதிப்புக்கு மாத்துவம்" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

மறு வருடம் பங்குனிக் கடைசியில் மாற்றினோம். முதலில் கீழ் மெஷினை நிறுத்தி, புதுப் பதிப்பை ஏற்றி, எழுப்பி, வேலையை அதனிடம் ஒப்படைத்தோம். பிறகு மேல் மெஷின். மழைக் கணக்கு ஒரு தடவைகூட நிற்கவில்லை. பழைய பதிப்பில் நாலைந்து வரிகளில் முடிந்த அமைப்பு, புதியதில் பக்கம் பக்கமாக நீண்டது. பரிசோதனை செய்கிறபோது ஒன்று மற்றதைத் தவறுதலாகக் கொல்லாமல் இருக்க, கொல்லும் அதிகாரத்தை நிறுத்தி வைத்தோம். 'ஆம்' என்றிருந்த இடத்தில் 'இல்லை' என்று ஒரே ஒரு சொல். அதை மாற்றியது என் விரல்தான்.

பரிசோதனை முடிந்தது. திரும்பவும் 'ஆம்' போடட்டுமா என்று பொறியியலாளரிடம் கேட்டேன்.

"வேண்டாம், உந்தக் கத்தியை எடுத்தே வையும்" என்றார். "நல்லா இருக்கிறதையெல்லோ வெட்டித் தள்ளுது. வியாதி திரும்பி வருதோ எண்டு ஒரு மாசம் பாப்பம்."

கையேட்டில் தடித்த எழுத்தில், அதை ஒருபோதும் நிறுத்தி வைக்காதீர்கள் என்று போட்டிருந்ததை நான் படித்திருந்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பெரியவர் சொல்கிறார், எனக்கும் வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது. அந்த வாரம் முழுக்கக் கீழ் மெஷின் ஒரு தடவைகூடச் சாகவில்லை. இடியும் இல்லை. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

அதற்கடுத்த வாரம் சனிக்கிழமை, புதுப் பதிப்புக்குச் செய்தி ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க, அக்காவின் தோட்டத்துக்கே போனேன். பொறியியலாளர் கொழும்பில். அலுவலகத்தில் அக்கா மட்டும். புறப்படும்போது, "எங்க வீட்டுப் பக்கம் போனா அவரையும் பாத்துட்டு வாங்க மிஸ்" என்றார்.

இரண்டு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடி கொத்மலைப் பக்கம் கேட்டது, அடுத்தது மண்டைக்கு மேலே. அதன்பிறகு பெய்தது மழையா வேறெதுவுமா என்று தெரியவில்லை, ஸ்டோர்த் தகரத்தின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசியதே கேட்கவில்லை. மழைமானியைப் போய்ப் பார்த்தேன். பெட்டி செய்திகளை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. மூன்றரைக்கெல்லாம் எல்லையைத் தொட்டிருக்க வேண்டும் என்று என் மனக்கணக்கு சொன்னது. சங்கு ஊதவில்லை.

ஸ்டோரிலிருந்து அலுவலகத்துக்குக் கோல் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பாரில்லை. அக்கா கீழே கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். இரண்டாம் தடவையும் அப்படியே. வயரைக் கழற்றி வைத்த டெலிபோனுக்குக் கூப்பிட்டாலும், கூப்பிடுகிறவர் காதில் மணி அடிக்கத்தான் செய்யும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் தோன்றவில்லை.

நாலு மணிக்குக் குடையோடு லயத்துப் பக்கம் இறங்கினேன். அக்காவின் கணவர் வாசலில் தடியை ஊன்றி நின்று சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் ஒரு துணிப் பை. லயத்தோரக் காண் வாய்க்காலில் ஓடிய தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது.

"மிஸ், தண்ணி நிறம் மாறிடுச்சு" என்றார். "கோயிலுக்கு ஏறிடட்டுங்களா?"

படி வழுக்கும், இடுப்பு ஒடிந்த மனிதர், தனியாக எப்படி ஏறுவார் என்று யோசித்தேன். அதைவிடப் பெரிதாக இன்னொன்றையும் யோசித்தேன். நானே வந்து நிற்கும்போது, சங்கு ஊதாமல் ஒருவர் ஏறினார் என்றால், எங்கள் ஏற்பாட்டை யார் மதிப்பார்கள்? மெஷின் கூட்டிய கணக்கைவிட என் மனக்கணக்கா பெரிது?

"சங்கு ஊதல தானே அண்ணே" என்றேன். "ஊதுனா நாங்களே வந்து தூக்கிட்டுப் போவோம். உள்ள போய் இருங்க."

அவர் பையைத் தோளிலிருந்து இறக்கி, உள்ளே போனார். நான் ஐந்து மணி ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ஐந்தரை மணிக்கு மண் வந்தது. கொழுந்து நிறுக்கப் போயிருந்தவர்கள் யாரும் இன்னும் லயத்துக்குத் திரும்பவில்லை. கடைசி மூன்று காம்பராக்கள் போயின. உள்ளே இருந்தது அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை நான் மட்டும் மெஷின் அறையில் உட்கார்ந்து குறிப்புகளைப் படித்தேன். இரண்டு மணி பத்துக்கு, இரண்டு வயர்களும் ஒரே நிமிஷத்தில் அறுந்திருக்கின்றன. நாலேகாலுக்கு இரண்டும் ஒரே நிமிஷத்தில் வந்திருக்கின்றன. அப்படித் தானாகப் பழுதாகாது, ஒரு கை வேண்டும். இடைப்பட்ட இரண்டு மணித்தியாலத்தில் மேல் மெஷின் கீழ் மெஷின் செத்தது என்று நினைத்தது. கீழ் மெஷினும் அப்படியே நினைத்தது. கொல்லும் அதிகாரம் இரண்டுக்கும் இல்லை. இரண்டும் ஒரே வட்டில் எழுதின, ஒன்று எழுதியதை மற்றது அழித்தது. மழையின் கூட்டுத்தொகை எல்லைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. போன வருடம் கீழ் மெஷின் செத்த நாட்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இடி இடித்த நாட்கள். வியாதி என்று நாங்கள் வெட்டி எறிந்ததுதான் அத்தனை நாளும் லயங்களைக் காப்பாற்றியிருந்தது.

"இணைப்பு வயர்கள் தளர்ந்ததால் ஏற்பட்ட கோளாறு" என்று அறிக்கை எழுதினோம். யார் கழற்றியது என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றியும் எழுதவில்லை. அன்றே 'ஆம்' என்று மாற்றிவிட்டேன்.

கருமாதி முடிந்து அக்கா வேலைக்கு வந்தார். வந்ததும் கூட்டினார், தண்ணீர் கொதிக்க வைத்தார். பிறகு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மிஸ், அன்னைக்கு நான்தான் அந்த நீல வயரையும் சின்ன வயரையும் கழட்டுனேன். டெலிபோன் வயரையும்தான். எப்பவும் இடிக்குக் கழட்டி, அடங்குனதும் மாட்டிருவேன். நீங்க சொன்ன மாதிரி பிளக்கைத் தொடல. மெஷின் எரிஞ்சு போச்சுன்னா எங்க லயத்துக்கு யாரு சங்கு ஊதுறதுன்னுதான் கழட்டுனேன். அதனாலயா மிஸ்?"

"இல்லக்கா" என்றேன். "வயரைக் கழட்டினாலும் தாங்குற மாதிரிதான் அது இருந்துச்சு. நாங்கதான் அதைக் கெடுத்து வச்சோம். ஒங்க மேல தப்பே இல்ல."

அது உண்மைதான். சொல்ல எளிதாகவும் இருந்தது, ஏனென்றால் அதில் முக்கால்வாசி அவருக்கு விளங்காது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போய்த் தேத்தண்ணியோடு திரும்பி வந்தார்.

"ஒண்ணு மட்டும் மனசு ஆற மாட்டேங்குது மிஸ். அந்த மனுசனுக்கு மழைன்னாலே பயம். வானம் கருத்தாலே பையத் தூக்கிட்டு ஏறிருவாரு. நான் சொன்னாலும் கேக்க மாட்டாரு. அன்னைக்கு மட்டும் ஏன் ஏறாம உள்ளேயே இருந்தாரு?"

"தெரியலக்கா" என்றேன். அவர் நீட்டிய தேத்தண்ணியை வாங்கி, சூடு ஆறுவதற்கு முன்பே முழுவதையும் குடித்தேன்.