அடுப்பு மூட்ட வேண்டாத கூடை

நியூ லின் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது இந்த ஸ்காட்லாந்துப் பலகாரக் கடை. பின்கட்டிலேயே சுடுகிறார்கள், வெண்ணெய் வாசனை தெருவரை வருகிறது. போன வாரம் இதே ரயில் பாதையில் உள்ள ரானுயியில் எனக்கு வாடகைக்கு அறை தந்த ஸ்காட்லாந்துப் பெண்மணியின் கணவர் நேற்று இறந்துவிட்டார். வெறுங்கையோடு போக மனமில்லை. சிவப்பு ரிப்பன் கட்டிய பரிசுக்கூடை ஒன்றை எடுத்து நீட்டுகிறேன்.

கல்லாவில் நிற்பவர் யாழ்ப்பாணத்துப் பெண்.

“ஆருக்கு அண்ணா?”

“ஒரு சாவு வீட்டுக்குங்க. அவங்க ஸ்காட்லாந்துக்காரங்க.”

அவர் ரிப்பனை உருவிப்போட்டு, உள்ளேயிருந்த கஞ்சி ஓட்ஸ் பொட்டலத்தை வெளியே எடுக்கிறார்.

“இது வேண்டாம், அடுப்பு மூட்டோணும். வெள்ளைக்காரர் எண்டாலும் இண்டைக்குச் சமைக்கக் கை வராது.”

அந்த இடத்தில் பழக்கேக்கும் சீஸும் பிஸ்கட்டும் வைக்கிறார். எல்லாம் அப்படியே எடுத்துத் தின்னக்கூடியவை. சணல் கயிற்றால் கட்டி என் கையில் தருகிறார். “போயிட்டு வாங்கோ” என்று சொல்லவில்லை. தலையை மட்டும் அசைக்கிறார்.

நானும் ‘வர்றேங்க’ என்று சொல்லாமல் படியிறங்குகிறேன்.