ஒற்றை வரியில் விளங்கியவன்

மூத்த பேரன் பேராதனையில் பொறியியல் படிக்க எடுபட்டிருக்கிறான். அவனுக்கு இளையவள் எட்டுப் பாடத்திலும் சித்தியடைந்திருக்கிறாள். கடைக்குட்டிக்கு நவராத்திரிப் பேச்சில் முதற்பரிசு. இவ்வளவையும் கொழும்பிலிருக்கும் என் தம்பி தில்லைநாதனுக்கு எழுதி உறையை ஒட்டும்போதுதான் தந்தி வந்தது. மாரடைப்பாம், தம்பி போய்விட்டானாம். அந்தக் கடிதம் இன்னும் என் பெட்டிக்குள் கிடக்கிறது.

அவனுடைய முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சிடும் இக்கல்வெட்டுப் புத்தகம், அவனோடு வேலை செய்த உங்களுக்கும் தபாலில் வரும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவன் வேலை செய்த கொம்பியூட்டரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அவன் வேலை எனக்கு விளங்கும்.

கொழும்புக்குப் போன புதிதில் கூழுக்கு ஆசைப்பட்டு எழுதினான். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை அனுப்பி, 'கூழ் காய்ச்சிக் குடி' என்று ஒரு வரி எழுதினேன். மாவை ஊறவிட்டுக் கசப்புத் தண்ணீரை வடிக்க வேண்டுமென்று எழுதவில்லை. எங்கள் ஊர் உரும்பிராயில் அது யாருக்குத் தெரியாது? தம்பிக்குத் தெரியவில்லை. அறையில் கூட இருந்தவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "உன்ரை அக்காவுக்கு எங்களிலை என்ன கோவமடாப்பா?" என்றாராம்.

பொங்கலுக்கு வந்தவன் அடுப்படியில் இருந்து அதைச் சொல்லிச் சிரித்தான்.

"மெசினும் என்னைப் போலைதான் அக்கா. இந்தப் பெட்டியிலை இருக்கிற எண்ணை எடு, அடுத்த பெட்டியிலை இருக்கிறதோடை கூட்டு, விடையை மூண்டாம் பெட்டியிலை வை எண்டு ஒவ்வொரு அடியாய்ச் சொல்ல வேணும். அது கீழ்ப் பாஷை. இப்ப மேல் பாஷை வந்திட்டுது. கணக்கை ஒரு வரியிலை எழுதினால் போதும். இடையிலை மொழிபெயர்க்கிற ஒண்டு அதை அடியடியாய் உடைச்சுக் குடுக்கும்."

"அப்ப மேல் பாஷைதானே நல்லது?"

"ஓம். ஆனால் மெசினுக்கு விளங்கிறது கடைசியிலை அந்தச் சின்ன அடிதான். மொழிபெயர்க்க ஆளில்லாட்டி உங்கடை கூழ்தான்!"

அன்றே கூழுக்குப் பதினேழு அடி இலக்கமிட்டு எழுதிக் கொடுத்தேன். பிறகு வருசம் போகப் போக ஒரு வரியே போதுமென்று ஆயிற்று. 'சுகமாயிருக்கிறேன்' என்று நான் எழுதினால், முழங்கால் நோகிறதோ என்று மறுதபாலில் கேட்பான். "நீங்கள் எழுதாததையும் வாசிப்பன் அக்கா" என்பான். அவனிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தச் சொல்லைத்தான். இனி என்னை அப்படி வாசிக்க ஆளில்லை.

படமென்று இருப்பது, மீசை அரும்பாத பள்ளிக்கூடப் படம் ஒன்றே. அந்த மெசினுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த புதுப் படம் உங்களில் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். தம்பிக்கென்றால் 'படம்' என்று எழுதினாலே போதும். உங்களுக்கு அடியடியாய்ச் சொல்கிறேன், கோவிக்க வேண்டாம். படத்தை மடிக்காதீர்கள். இரண்டு மட்டைக்கு நடுவில் வையுங்கள். பக்கத்தில் நிற்பவர் யாரென்று பின்னால் எழுதுங்கள். பதிவுத் தபாலில் போடுங்கள். அவன் சிரிக்கிற படமென்றால், நாளைக்கே போடுங்கள்.