மதினியின் புல்வெட்டும் வண்டி

என் அண்ணனுக்கு ஏலம் என்று காதில் விழுந்தால் போதும், சாப்பாடு இறங்காது. ராமேஸ்வரம் சாலையில் ஒரு விடுதியை மூடியபோது, அங்கே புல்தரை வெட்டிக்கொண்டிருந்த வண்டியை ஏலத்தில் எடுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. ஸ்டியரிங் உண்டு, விளக்கு உண்டு, அடியில் பிளேடு சுற்றும். கடலோர உப்பூருக்கு உள்ளே தள்ளி, மழையை நம்பி நெல் விதைக்கிற எங்கள் ஊரில் புல் வெட்ட ஒரு வண்டியா என்று கேட்காத வாய் இல்லை. அண்ணன் முதல் நாளே அதைக் கண்மாய்க்கரைச் சரிவில் ஏற்றிச் சாய்த்தார். அதற்குப் பிறகு அதன் பக்கமே போகவில்லை.

ஓட்டக் கற்றுக்கொண்டது அண்ணன் மனைவி, என் மதினி. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருந்த படங்களைப் பார்த்துப் பார்த்தே பழகிவிட்டார். ஒல்லியான உடம்பு, நைட்டிக்கு மேல் அண்ணனின் பழைய சட்டை, தலையில் துண்டு. அந்தக் கோலத்தில் அவர் வண்டி ஓட்டுவதைப் பார்த்து முதலில் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தரிசை இந்த வண்டியால் வெட்டி வெட்டித்தான் மதினி மைதானமாக்கினார். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் சாயங்காலம் அங்கேதான் கால்பந்து ஆடுவார்கள். அந்த வருஷம் தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் ஆட வருவதாக இருந்தது. முந்தின வருஷமும் வந்தார்கள். ஆனால் கோல் கம்பத்துக்கு அருகே புல்லுக்குள் ஒரு விரியன் கிடந்ததை அவர்களில் ஒரு பிள்ளையின் தாய் பார்த்துவிட்டார். ஆட்டம் அதோடு நின்றது. இந்த முறை, தரை தெரிகிற மாதிரி புல்லை வெட்டியிருந்தால்தான் பிள்ளைகளை இறக்குவோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். வெட்டியிருக்கும் என்று மதினி வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு ஆட்டம். சனிக்கிழமை காலை வண்டி கிளம்பவில்லை.

ஆயுத பூஜைக்கு ஊருக்கு வந்த நான் இன்னும் அங்கேதான் இருந்தேன். பூஜைக்குப் பிறகு இரண்டு மழை பெய்து புல் முழங்காலைத் தொட்டது. அரிவாளால் வெட்ட ஆள் கூப்பிடலாம் என்றால், விதைப்பு நேரம், ஊரே வயலில் கிடந்தது. மதினி ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை.

அண்ணன் வந்து பார்த்து, உப்புக்காத்து என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார். எங்கள் வீட்டில் மிக்சி நின்றாலும் உப்புக்காத்துதான், கதவு இறுகினாலும் உப்புக்காத்துதான். எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும் என்று ஸ்பேனரோடு உட்கார்ந்தார். மதினி அதைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கை வைத்தால் எது குறை என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்.

பிறகு அவர் செய்ததை நான் வாய் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் விளக்கைப் போட்டார், நன்றாக எரிந்தது. அப்படியானால் பேட்டரியில் குறையில்லை. ஃபியூஸைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பார்த்து, திரும்பச் செருகினார். பிளேடு லீவர் மேலே இருந்தாலும் கிளம்பாது, அதையும் பார்த்தார், இறங்கித்தான் இருந்தது. இந்த வண்டியில் சீட்டில் ஆள் இருந்தால்தான் எஞ்சின் கிளம்பும், ஆள் எழுந்தால் நின்றுவிடும். அதனால், தன் எடை போதவில்லையோ என்று என்னை ஏறி உட்காரச் சொன்னார். அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பினார். என் எடைக்கும் அது மசியவில்லை. அதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம்தான்.

மதினி சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த சின்ன சுவிட்சுக்குப் போகிற இரண்டு கம்பிகளைக் கழற்றி, ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

அண்ணனுக்கு முகமெல்லாம் பல். அப்படியே விடு, வெட்டி முடி, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார். கடல் பக்கம் மேகம் கட்டியிருந்தது, மத்தியானமும் நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் அதையேதான் நினைத்தேன். மதினி குனிந்து அந்தத் துண்டுக் கம்பியை உருவினார். எஞ்சின் அடங்கியது.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. தொண்டிக்காரர்களுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்று சத்தம் போட்டார். மதினி சத்தம் போடவில்லை.

"நான் கீழ விழுந்தா வண்டி நிக்கணும்ங்க. நாளப்பின்ன நம்ம ஊர்ப் புள்ளைகள்ல ஒன்னு ஏறி ஓட்டும். அது விழுந்தாலும் நிக்கணும்."

சொல்லிவிட்டு சுவிட்சைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். உள்ளே இரண்டு சின்னப் பித்தளைத் தகடுகள். ஆள் உட்கார்ந்தால் ஒன்றையொன்று தொட வேண்டும். கொண்டை ஊசியால் சுரண்டினார். மஞ்சளாக ஏதோ பொடி உதிர்ந்தது. விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

சந்தனம். எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் மண்வெட்டி முதல் மாவரைக்கும் கிரைண்டர் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது மதினிதான். குழைத்து வைத்த சந்தனம் சுவிட்சின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, தகடுகளுக்கு நடுவே காய்ந்து இறுகியிருந்தது. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். துடைத்துவிட்டு உப்புக்காத்து என்றிருந்தால் அண்ணன் மகிழ்ந்திருப்பார். மதினி விரலை அண்ணனிடமே நீட்டினார்.

"காத்து இல்லங்க. நான் வச்ச பொட்டு. உசுரக் காக்குறது இதுதானேன்னு இதுக்கு மட்டும் கூடக் கொஞ்சம் வச்சேன்."

அண்ணன் உள்ளே போய் உப்புத்தாள் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். என் அண்ணனிடமிருந்து அதைவிடப் பெரிய மரியாதையை நான் பார்த்ததில்லை.

தகடுகளைத் தேய்த்து மாட்டிய பிறகு மதினி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது. உடனே வெட்டப் போகவில்லை. சீட்டிலிருந்து ஒரு முறை எழுந்து நின்று, எஞ்சின் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் போனார். தூறலில் நனைந்துகொண்டே வெட்டினார். பொழுது சாய்ந்தபோது மைதானத்தின் கடைசி மூலையில் இருந்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதிலாக, சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்காமல் உள்ளேயே இருந்தார்கள். போன வருஷம் பாம்பைப் பார்த்த அந்தத் தாய் மட்டும் இறங்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வெறுங்காலோடு அந்தக் கோல் கம்பம் வரை நடந்து போனார். கம்பத்தைச் சுற்றி வந்தார். மதினி துண்டின் முனையைத் திருகிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா திரும்பி வந்து வேன் கதவைத் திறந்தார்.

"இறங்கு தாயி, போய் வெளாடு," என்றார் மகளிடம்.