இரண்டு மணிச் சங்கு

போன வாரம் எங்கள் அடுக்குமாடியில் தீ விபத்து ஒத்திகை. மணி அலறியதும் எல்லாரும் படியில் இறங்கிக் கீழே வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நான் வழக்கம்போல் மறந்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருந்த நேரத்தில் அது அலறியது. மற்ற வீட்டுக்காரர்கள் செருப்பைத் தேடி ஓட, நான் எழுந்து நின்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சிலுவை வரைந்து, மூவேளைச் செபத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். நிஜமாகவே தீப்பிடித்திருந்தால் நேராக மோட்சம்தான். அங்கே சேர்த்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

சிரிக்காதீர்கள். இதற்கு அம்மாதான் காரணம்.

அம்மா மத்தூர்ப் பக்கத்துக்காரி. அங்கே மாதா கோயில் எங்கள் வீட்டை ஒட்டியே இருந்தது. காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் மணி அடிக்கும். மாவுக்கையோடு இருந்தாலும் அம்மா எழுந்து நின்று செபம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள். அப்பா இறந்த பிறகு அண்ணன் எங்களை ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். எண்பதுகளின் தொடக்கம், அவனுக்கு அங்கே கம்பெனி வேலை. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடுகளில் எங்களுக்கும் ஒன்று. குழாயடியில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சண்டை நடக்கும். கோயில் தொலைவில் இருந்ததால் அதன் மணி கேட்காது. கேட்டதெல்லாம் அண்ணனுடைய கம்பெனிச் சங்குதான்.

அம்மா அந்தச் சங்கையே மணியாக்கிக்கொண்டாள். காலை ஷிப்ட் ஆறு மணிக்கு, அது பொருந்திப்போனது. மாலைக்கு மசூதியின் பாங்கு இருந்தது. நடுப்பகலில்தான் சிக்கல். சங்கு ஊதுவது இரண்டு மணிக்கு. அதனால் பன்னிரண்டு மணிச் செபமும் இரண்டு மணிக்கு நகர்ந்தது.

அண்ணன் சும்மா விடமாட்டான். "ஏம்மா, பன்னண்டு மணி செபத்த ரெண்டு மணிக்குச் சொன்னா மாதா என்னான்னு நெனப்பாங்க?"

"அவங்களும் ஷிப்ட்டுக்குப் பழகிக்குவாங்க, போடா."

பக்கத்து வீட்டு மும்தாஜக்காவும் சேர்ந்துகொள்வாள். "எங்களுக்கு பாங்கு, உங்களுக்கு சங்கா?" என்பாள். ஆனால் சங்கு ஊதியதும் தன் பிள்ளைகளைச் சத்தம் போடாதீங்க என்று அதட்டுவதும் அவள்தான்.

இரண்டு மணிக்கு அண்ணனுக்கு ஷிப்ட் முடியும். அம்மா செபத்தைச் சொல்லி, தெரிந்த புனிதர்களையெல்லாம் ஒரு சுற்று கூப்பிட்டு முடித்துக் கதவைத் திறக்கும்போது சந்தில் சைக்கிள் மணி கேட்கும். முதலில் மிஷின் ஆயில் வாடை வரும், பின்னாலேயே அவன் வருவான். மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் வேலையிலிருந்து நானும் சாப்பாட்டுக்கு ஓடி வந்திருப்பேன். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். இன்றைக்கும் மெக்கானிக் கடையைத் தாண்டினால் எனக்குப் பசிக்கும்.

ஒரு லீவு நாளில் அண்ணன் மாங்காய் வாங்கி வருகிறேன் என்று நண்பனோடு மோட்டார் சைக்கிளில் கிருஷ்ணகிரிக்குப் போனான். திரும்பும்போது குருபரப்பள்ளிக்கிட்ட லாரி மோதிவிட்டது. நண்பன் பிழைத்தான். அண்ணன் போய்விட்டான். அவன் வாங்கிய மாங்காய்ப் பையை யாரோ பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடக்கம் முடிந்த பிறகு அவை மூலையில் கிடந்து பழுத்தன. வீடெல்லாம் அந்த வாசனை. நாங்கள் தொடவில்லை. கடைசியில் மும்தாஜக்காதான் எடுத்துக்கொண்டு போனாள்.

சங்கு மட்டும் நிற்கவில்லை. இரண்டு மணிக்கு அம்மா எழுந்து நிற்பாள், சிலுவை போடுவாள், இரண்டு வரி சொல்வாள். பிறகு பாதியில் விட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறப்பாள். சந்தைப் பார்ப்பாள். மூடிவிட்டு வந்து உட்காருவாள். முழுதாகச் சொல்ல அவளால் முடியவே இல்லை.

எனக்கோ ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஞாயிறன்று தமிழ்ப் பூசை முடிந்ததும் கன்னடப் பூசைக்கும் உட்காருவேன். இங்கே இல்லாத கடவுள் அங்கேயாவது இருப்பாரோ என்று ஒரு நப்பாசை. பாதியில் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கிருஷ்ணகிரி பஸ் ஏறுவேன். குருபரப்பள்ளி வரும்போது ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன். கிருஷ்ணகிரியில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவேன். எதையோ தேடிப் போனேன். ரோடுதான் இருந்தது.

ஒரு நாள் பங்குச்சாமியார் வீட்டுக்கு வந்தார். மகன் ஆண்டவரிடம் இளைப்பாறுகிறான் என்று ஆறுதல் சொன்னார்.

"அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியுங்க சாமி," என்றாள் அம்மா. "ஆண்டவர் எங்க இருக்காரு? அத சொல்லுங்க. கூப்புட்டா பக்கத்துல வந்து நிக்கற மாதிரி இருக்கும். இப்ப வர்றதேயில்ல."

சாமியார் காபித் தம்ளரைக் கையில் வாங்கினார். காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவர் எதையாவது சொல்லிச் சமாளிக்காதது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வருடம் கம்பெனியில் ஸ்டிரைக் வந்தது. சங்கு நின்றது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்; அம்மாவுக்கு இன்னும் மோசமானது. எப்போது எழுந்திருப்பது என்று தெரியாமல் பகல் முழுக்கக் கதவுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள். வா, உட்கார் என்றால் என்மேல் எரிந்து விழுவாள்.

அப்படி ஒரு மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். அம்மா ஓடிப்போய்த் திறந்தாள். முக்காட்டைச் சரிசெய்தபடி மும்தாஜக்கா நின்றிருந்தாள்.

"அம்மா, மணி ரெண்டாயிருச்சு. சங்குதான் ஊதலியே, அதான் சொல்லலாம்னு வந்தேன்."

அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். பிறகு அங்கேயே, திறந்த கதவின் பக்கத்திலேயே, சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள். இரண்டு வரியில் நிறுத்தினாள், மறுபடி தொடர்ந்தாள். மும்தாஜக்கா தலை குனிந்தபடி வாசலிலேயே நின்றாள். அண்ணன் போனபிறகு அன்றுதான் அம்மா அதைக் கடைசிவரை சொன்னாள். முடித்துவிட்டு, "உள்ள வா, சாப்புடு," என்றாள். அண்ணனுடைய தட்டு அன்றைக்குத்தான் அலமாரியிலிருந்து இறங்கியது.

ஸ்டிரைக் முடிகிறவரை மும்தாஜக்கா தினமும் வந்தாள்.

எனக்கு அம்மாமேல் பொறாமையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றவர் எனக்கு வரவில்லை. நான் இன்னும் பஸ்ஸில்தான் போய்வந்துகொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தக் கம்பெனி இன்று இல்லை. லைன் வீடுகளை இடித்து மேம்பாலத்துக்கு வழி விட்டார்கள். மற்ற கம்பெனிகளில் கார்டைக் காட்டினால் கேட் திறக்கிறது. சங்கு யாருக்கும் தேவைப்படவில்லை. மும்தாஜக்கா மகளோடு ஊர் மாறிப் போய், பிறகு தகவல் இல்லை. அம்மா கல்லறைத் தோட்டத்தில் அண்ணனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறாள்.

ஒத்திகை மணி நின்றபோது நான் செபத்தை முடித்திருந்தேன். பழக்கதோஷம், போய்க் கதவைத் திறந்தேன். எல்லாரும் கீழே போயிருந்தார்கள். நீள வராந்தாவில் வரிசையாகக் கதவுகள், அத்தனையும் சாத்தியிருந்தன. மணி என்ன ஆயிற்று என்று சொல்ல ஒருவரும் இல்லை.